காளைக்கு மடி வரைஞ்சவங்களும் எலி வளர்த்தவங்களும்

தம்பி பையன் சென்னையில வேலை பார்க்கிறான். 2019-ல ஒரு காரியமா அங்கே போயிருந்தப்போ, 'தி லயன் கிங்' படத்துக்குக் கூட்டிட்டுப் போனான். பழைய கையால வரைஞ்ச படம் இல்லை, ஜான் ஃபாவ்ரோ எடுத்த புதுசு. தமிழ்லதான் பார்த்தோம். சிம்பாவுக்கு சித்தார்த் குரல், ஸ்காருக்கு அரவிந்த்சாமி. இடைவேளையில பாப்கார்னை என் பக்கம் நீட்டிக்கிட்டே, "ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது, பாத்தீங்களா பெரியப்பா?"ன்னான்.

தெரிஞ்சுது. இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அப்பன் செத்துக் கிடக்கிற இடத்துல குட்டியோட குரல் அழுவுது, முகம் சும்மா இருக்கு. ரெண்டும் ரெண்டு வீட்டுல இருந்து வந்த மாதிரி. அதைச் சொன்னேன். "நிஜ மிருகத்துக்கு முகபாவம் எல்லாம் கிடையாதே பெரியப்பா, உள்ளதை உள்ளபடி காட்டியிருக்காங்க"ன்னான்.

மாடு வெச்சிருக்கிற யாரும் இதை ஒத்துக்க மாட்டாங்க. கன்னுக்குட்டியைத் தள்ளிக் கட்டிட்டா பசுவோட காது எப்படிப் போகுது, கழுத்து எப்படி நீளுது, தீனியில வாய் வெச்சு வெச்சு எடுக்குறது எப்படின்னு வந்து பாருங்க. கறக்க உக்கார்றப்போ இன்னிக்கு உதைக்கப் போறா, இல்லை விடப் போறாங்கிறது வாலுலேயே தெரிஞ்சுபோகும். மிருகம் உதட்டால அழுவாது, வாஸ்தவம். உடம்பு பூரா அழும். அந்தப் படத்துக்காரங்க மனுஷ முகபாவத்தை எடுத்துட்டாங்க, சரி. அந்த இடத்துல சிங்கத்தோட பாவத்தை வெக்க மறந்துட்டாங்க. முடியை எண்ணி எண்ணி வரைஞ்சவங்க, முடிக்குக் கீழே இருக்கிற சதையைப் பார்க்கலைன்னு எனக்குத் தோணுச்சு.

இந்த ஆளு எதுக்கு சினிமா பத்திப் பேசுறான்னு சிலர் நினைக்கலாம். நெல்லு, மாடு, மோட்டார் கொட்டகை தவிர எனக்கு இருக்கிற ஒரே கிறுக்கு இந்தக் கம்ப்யூட்டர் அனிமேஷன் படங்கதான். மக சின்னவளா இருந்தப்போ அவளுக்காக வாங்குன டிவிடியில ஆரம்பிச்சது. அவ வளர்ந்து காலேஜ் முடிச்சுட்டா, நான் இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கேன். பொம்மைப் படம்தானேன்னு ஒதுக்குறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம் வரும். எல்லாத்தையும் தலையில தூக்கி வெச்சுக்கிறவங்களைப் பார்த்தாலும் வரும்.

1995-ல வந்த 'டாய் ஸ்டோரி'தான் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர்ல செஞ்ச முதல் முழுநீளப் படம். அப்போ இருந்த கம்ப்யூட்டருக்குத் தோலு, முடி, துணி எதுவும் சரியா வராது, எதை வரைஞ்சாலும் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். பிக்ஸார்காரங்க அதோட மல்லுக்கட்டல. பிளாஸ்டிக் பொம்மைங்களையே கதாநாயகனாக்கிட்டாங்க. களிமண்ணுல நிலக்கடலை போட்டுட்டு அழுவாம நெல்லு போட்ட மாதிரி. முப்பது வருஷம் ஆச்சு. அந்தப் படத்துல வர்ற மனுஷங்களையும் நாயையும் இன்னிக்குப் பார்த்தா மரக்கட்டைதான். வுட்டியும் பஸ்ஸும் அப்படியே இருக்காங்க.

அடுத்து 1998-ல 'எ பக்ஸ் லைஃப்'. எறும்புங்க தானியம் சேர்க்கும், வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து பங்கு கேட்டு மிரட்டும். எந்த ஊர் விவசாயியா இருந்தாலும் இந்தக் கதை புரியும். எறும்புக்கு ஆறு காலுக்குப் பதிலா ரெண்டு கை ரெண்டு கால்தான். அதைப் பத்தி எனக்கு வருத்தமே இல்லை, தெரிஞ்சே குறைச்சிருக்காங்க. ஆனா புல்லைப் பாருங்க. குட்டி கேமரா ஒண்ணுக்குச் சக்கரம் வெச்சு, புல்லுக்குள்ள எறும்பு உசரத்துல ஓட்டிப் பார்த்திருக்காங்க. கீழே இருந்து பார்த்தா இலை வழியா வெயில் ஊடுருவி எல்லாம் பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்குங்கிறதை அதுல கண்டுபிடிச்சாங்களாம். காலையில ஏழு மணிக்குப் பயிருக்குள்ள குனிஞ்சு களை பறிக்கிறவங்களுக்கு அது தெரிஞ்ச விஷயம். அதைத் திரையில பார்த்தப்போ, 'அட, இவனும் குனிஞ்சிருக்கான்'னு தோணுச்சு.

குனியாதவங்களுக்கு உதாரணம் வேணும்னா 2006-ல வந்த 'பார்ன்யார்ட்'. பண்ணை மிருகங்களோட கதை. கதாநாயகன் ஓட்டிஸ் ஆம்பளை, அவனோட அப்பாவும் அதே பண்ணையில இருக்காரு. ரெண்டு பேருக்கும் கீழே மடி தொங்குது! ரோஸ் கலர்ல, காம்போட! எங்க தெருப் பையனுங்களை உக்கார வெச்சுப் போட்டுக் காட்டுனேன். ஆறாங்கிளாஸ் பையன் ஒருத்தன் முதல் அஞ்சு நிமிஷத்துலேயே, "மாமா, இதுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"ன்னு கேட்டுட்டான். எறும்புக்கு ரெண்டு காலைக் குறைக்கலாம், அதுல ஒரு காரணம் இருக்கு. காளைக்கு மடி வெச்சதுல என்ன காரணம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. சிரிப்புக்குன்னு சொன்னாங்கன்னா, நான் சிரிச்சது வேற எதுக்கோ.

நம்ம 'கோச்சடையான்' பத்திச் சொல்லாம போனா ரஜினி ரசிகனுக்கு அழகில்லை. 2014 மே மாசம், வந்த வேகத்துல போய்ப் பார்த்தேன். நடிகர்களோட அசைவைப் பிடிச்சுக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துற முறையில எடுத்தது. மறைஞ்சுபோன நாகேஷையே திரும்பக் கொண்டுவந்திருந்தாங்க. ஆசை பெருசு. ஹாலிவுட்காரங்க செலவழிக்கிறதுல ஒரு துளி காசுல செஞ்சது, அதனால ரொம்பவும் அடிக்க மனசு வரல. ஆனா அந்தக் கால்! நடக்கிறாங்க, சண்டை போடுறாங்க, கால் மண்ணுல பதியவே இல்லை. ஒரு உடம்புக்குக் கனம் இருந்தா தரை அதுக்குப் பதில் சொல்லும். சேத்துல ஒரு அடி எடுத்து வெச்சவனுக்குத் தெரியும். ரஜினி நடக்கிற நடைக்கே விசில் அடிச்சு வளர்ந்தவன் நான். நடையே இல்லாத ரஜினியை வெச்சு என்ன பண்றது?

காசு இருந்தா மட்டும் ஆயிடுமா? அதுவும் இல்லை. 2015-ல வந்த 'தி குட் டைனோசர்' பிக்ஸார் படம்தான். டைனோசர்கள் விவசாயம் பண்ற குடும்பம். மக்காச்சோளம் போடுறாங்க, தலையால மண்ணைக் கீறி உழுறாரு அப்பா, கல்லால குதிர் கட்டிச் சேர்த்து வெக்கிறாங்க. எனக்காகவே எடுத்த படம்னு ஓடிப்போய் உக்கார்ந்தேன். அமெரிக்க அரசாங்கத்தோட புவியியல் ஆய்வுத்துறைகிட்ட இருந்த மேடு பள்ளக் கணக்கை எடுத்து நிலத்தை உருவாக்கியிருக்காங்க. அந்த ஆறு இருக்கே, அதை மாதிரி ஒரு தண்ணியைத் திரையில நான் பார்த்ததில்லை. செம்மண் கலந்து கரையை அரிச்சுக்கிட்டு வர்றது, பாறையில மோதித் திரும்புறது எல்லாம் நெஜம். அதுல நடந்து போற டைனோசர் மட்டும் பச்சை பலூன். ஆத்தைப் பார்த்தவங்க வயலைப் பார்க்கல. அந்தச் சோளக் கொல்லை விளக்குமாறு நட்டு வெச்ச மாதிரி நிக்குது. குளிருக்குத் தானியம் வேணும்னு வாயால சொல்றாங்க, ஆனா வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்க்கிற பயம் யார் கண்ணுலயும் இல்லை. பிக்ஸாருக்குக் கையைச் சுட்ட முதல் படம் அது.

அதுக்கு நேர் எதிர்ல 'ஃப்ளோ'. லாட்வியா நாட்டுக்காரர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்தது. யார் வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கிற பிளெண்டர் மென்பொருள்ல செஞ்சிருக்காங்க. சுமார் 35 லட்சம் யூரோ செலவு, அந்தத் தொழில்ல அது டீக்காசு. 2025 ஆஸ்கர்ல பிக்ஸாரோட 'இன்சைட் அவுட் 2', 'தி வைல்ட் ரோபாட்' எல்லாத்தையும் தாண்டி அனிமேஷன் விருதை இதுதான் தூக்கிட்டுப் போச்சு. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. வெள்ளம் வருது, ஒரு பூனை ஒரு படகுல ஏறுது, கூட நாய், லெமூர், கேபிபாரா, ஒரு பெரிய பறவை. அவ்வளவுதான். பூனையோட முடி பக்கத்துல பார்த்தா பெயின்ட் பூசுன மாதிரிதான் இருக்கு. தம்பி பையன் குறை சொல்லலாம். ஆனா வெள்ளத்தப்போ எங்க வீட்டுப் பூனை பரண்மேல ஏறி உக்கார்ந்து, காதைப் படிய வெச்சுக்கிட்டு, தண்ணி ஏற ஏற ஒவ்வொரு காலா மாத்தி மாத்தித் தூக்குனதை நான் பார்த்திருக்கேன். அதே பூனை அங்கே உக்கார்ந்திருந்துச்சு. மனுஷன் மாதிரி ஒரு பார்வை பார்க்கல, ஒரு சிரிப்புச் சிரிக்கல. எனக்குத் தொண்டை அடைச்சது.

என்னை உலுக்குன படம் எதுன்னு கேட்டா அது 2007-ல பிராட் பேர்ட் எடுத்த 'ரட்டாட்டூயி'. சமைக்க ஆசைப்படுற எலியோட கதை. அந்தப் படத்துக்காக ஸ்டுடியோவுக்குள்ளேயே கூண்டுல எலி வளர்த்திருக்காங்க, வரையிறவங்க வர்றப்போ போறப்போ பார்க்கிறதுக்கு. குப்பைமேட்டுக் காட்சி ஒண்ணுக்காகப் பதினஞ்சு வகைக் காய் பழங்களை அழுக விட்டு, அழுக அழுகப் படம் பிடிச்சாங்களாம். எருக்குழி வெச்சிருக்கிறவனுக்கு அதோட அருமை தெரியும். முட்டைக்கோஸு அழுகுறதும் வாழைப்பழம் அழுகுறதும் ஒண்ணு இல்லையே. ரெமி ரெண்டு காலுல நடக்குது, முன்னங்கையால சாப்பிடணும், அதை அழுக்காக்கக் கூடாதுன்னு காரணமும் சொல்லுது. அதெல்லாம் கற்பனை. ஆனா சத்தம் கேட்டா அப்படியே உறைஞ்சு நின்னு மூக்கை மட்டும் ஆட்டுற இடம் இருக்கு பாருங்க, அது வரப்புல டார்ச் அடிச்சா நான் பார்க்கிற அதே எலி. கூரை பிச்சுக்கிட்டு மொத்தக் கூட்டமும் கொட்டி ஓடுறது, வளையில புகை போட்டா நடக்கிறதேதான்.

நாங்க அதைப் பார்த்தது மார்கழியில. சம்பா கதிர் பொதி கட்டி நிக்கிற நேரம். எலி வெட்டு ஆரம்பிச்சுட்டா ஒரு ராத்திரிக்கு ஒரு பாத்தி காலி. அதனால கிட்டி வெக்கிறவரைச் சொல்லி வெச்சிருந்தேன். மூங்கில்ல வில்லு மாதிரி கட்டி, பொரி வெச்சு, சாயங்காலம் வயல்ல ஊணிட்டுப் போவாரு. எலி வந்து இழுத்தா கழுத்துல இறுக்கிடும். காலையில வந்து எடுத்து, வாலைப் பிடிச்சுக் கொத்தாக் காட்டுவாரு, எலிக்கு இவ்வளவுன்னு காசு.

படத்துல ரெமியோட அப்பா மகனை மழையில ஒரு கடை முன்னாடி கூட்டிட்டுப் போறாரு. எலிப்பொறி விக்கிற கடை. கண்ணாடிக்குப் பின்னாடி செத்த எலிங்க வரிசையாத் தொங்குது. மனுஷன் யாருன்னு பார்த்துக்கோன்னு காட்டுறாரு. பாரிஸ்ல நெஜமாவே அப்படி ஒரு கடை இருக்கு, அதைப் பார்த்துத்தான் வரைஞ்சிருக்காங்க. மக என் மடியில படுத்திருந்தா. தலையைத் தூக்காமலேயே கேட்டா, "அப்பா, இன்னிக்கு நம்ம வயல்ல கிட்டி வெச்சிருக்கா?"

ஆமாம்னேன். வெச்சாத்தான் நெல்லுன்னும் சொன்னேன். அவ ஒண்ணும் பேசல, படத்தை முழுசாப் பார்த்தா. நானும் பார்த்தேன். எலி மேல எனக்குப் பாவம் வந்துச்சான்னு கேட்டா, நேரா பதில் சொல்ல வரல. ஆனா இத்தனை வருஷமா எண்ணிக்கையாப் பார்த்த ஒண்ணுக்கு மூக்கு இருக்கு, மூச்சு இருக்குன்னு அன்னிக்குத் தெரிஞ்சுது. முடியை மட்டும் எண்ணிப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்காது.

விடிஞ்சதும் கிட்டிக்காரர் வாசல்ல வந்து நின்னாரு. இருபத்தி மூணு. மக பல்லு விளக்கிக்கிட்டு நின்ன இடத்துல இருந்து எட்டிப் பார்த்துட்டு உள்ளே போயிட்டா. எண்ணிக் காசு கொடுத்தேன். நாளைக்கும் வரவான்னு கேட்டாரு. வாங்கன்னேன்.