வளாகத்துக்குள் நுழைந்ததும் வறுமை தீர்ந்துவிடுமா?

அணையாடை வவுச்சர் பாடசாலை மாணவிகளுக்கு மட்டும்தான் என்று மேலிடம் கோடு கிழித்திருக்கிறது. 2024இல் 8 இலட்சம் மாணவிகளுக்குத் தலா 1,200 ரூபாய் வவுச்சர் அறிவிக்கப்பட்டபோது அதை மனதார வரவேற்றோம். தோட்டப்புறப் பாடசாலைகளும் பின்தங்கிய கிராமத்துப் பாடசாலைகளும் முன்னுரிமை பெற்றது நியாயமே. ஆனால் பல்கலைக்கழக மாணவிகள் கணக்கில் எடுக்கப்படவே இல்லை. அந்த முடிவு பிழையானது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

யாரை ஒதுக்கினார்கள் என்று பார்ப்போம். ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ லயத்து அறையில் இருந்து படித்த பிள்ளை அவள். கொழுந்து பறிக்கும் தாயின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாய் ஆனது. உயர்தரம் எழுதும் நாள்வரை அவள் உதவிக்கு உரியவள். வெட்டுப்புள்ளியைத் தாண்டிப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது. வீட்டு வருமானம் ஒரு சதம்கூட ஏறவில்லை. செலவுதான் பல மடங்காகிறது.

விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் அம்பிட்டிய போன்ற ஊர்களில் போர்டிங் எடுத்துத் தங்குகிறார்கள். கண்டி நகருக்கு ஒரு பஸ், அங்கிருந்து பேராதனைக்கு இன்னொரு பஸ். அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, போட்டோக்கொப்பி எல்லாவற்றையும் மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் சமாளிக்க வேண்டும். அந்த மாதாந்தத் தொகையே 2025இல்தான் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. காசு முடைப்படும்போது எதைக் குறைப்பாள்? பஸ் காசைக் குறைக்க முடியாது. வாடகையைப் பின்போட முடியாது. வெளியே சொல்ல முடியாத செலவைத்தான் குறைப்பாள். நான்கு, ஆறு மணி நேரத்தில் மாற்ற வேண்டிய அணையாடையை நாள் முழுக்க வைத்திருப்பாள். பழந்துணிக்குத் திரும்புவாள். கண்டி மழையில், நாலு பேர் தங்கும் அறையில், அந்தத் துணியை வெயிலில் போட்டுக் காயவைக்க இடம் ஏது? ஈரம் போகாத துணி தோலைப் புண்ணாக்கும், தொற்றைக் கொண்டுவரும். அந்த நாட்களில் அவள் விரிவுரைக்குப் போகாமல் இருந்தால் வரவு குறைகிறது. வரவு குறைந்தால் பரீட்சைக்கு ஆபத்து. மாதவிடாய் வலிக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டு வரிசையில் நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

உடல்நலத்தைப் பேணுங்கள் என்று இந்தப் பிள்ளைகளுக்குப் போதிப்பதில் குறைவில்லை. சுத்தமாக இருக்க வழி செய்யாமல் சுத்தம் பற்றிப் பேசுவது அவர்களை அவமதிப்பதாகும்.

இதற்குமேல் வரி வேறு. 2018இல் இறக்குமதி அணையாடை மீதிருந்த மொத்த வரி 101.2 வீதம். பெண்கள் அமைப்புகளும் பத்திரிகைகளும் குரல் எழுப்பிய பிறகுதான் அது 62.6 வீதமாக இறங்கியது. 2022இல் உள்ளூர் உற்பத்திக்கான மூலப்பொருட்களுக்குச் சலுகை வந்தது. ஆனால் 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானபோது அணையாடை வாங்கும் பெண்ணும் தப்பவில்லை. வவுச்சர் கொடுத்த அதே ஆண்டு அது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்தார்கள். வளாகத்து மாணவிக்கோ கொடுக்கும் கை நீளவே இல்லை. பறிக்கும் கை மட்டும் நீண்டது.

இந்தியா 2018 ஜூலையில் அணையாடை மீதான 12 வீத ஜிஎஸ்டியை நீக்கிவிட்டது. ஸ்கொட்லாந்து 2020இல் சட்டமே இயற்றியது. அந்தச் சட்டம் பாடசாலைகளோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகங்களும் இலவசமாக வழங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. நம்மவர்கள் 2019 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளர் இந்த வாக்குறுதியைக் கொடுத்தபோது கேலி பேசினார்கள். ஐந்து வருடம் கழித்து அதையே அரைகுறையாக நிறைவேற்றினார்கள்.

மாணவர் உடலும் உயிரும் மேலிடத்துக்கு எப்போதும் கடைசிக் கவலைதான். 1975இல் பேராதனை இராமநாதன் விடுதியில் பகிடிவதை தாங்காமல் மாடியிலிருந்து குதித்த மாணவி நடக்க முடியாதவரானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீடத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையில் வதைபட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது 1998இல். முதல் பிள்ளை விழுந்து 23 வருடம் கழிந்திருந்தது. சட்டம் வந்த பிறகும் வதை ஓயவில்லை. இந்த அலட்சியம் மாணவர்களோடு நிற்கவும் இல்லை. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. மருந்து தீரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவர்கள் யார்? அவர்களில் எவர் பதில் சொன்னார்?

ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள். பாதிக்கப்பட்டவர் கதறும்வரை காத்திருக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. அணையாடை விடயத்திலும் அதையே செய்கிறார்கள். கதற வெட்கப்படும் பிள்ளைகள் இவர்கள் என்பதால் இன்னும் நீண்ட காலம் காத்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

நிதி இல்லை என்ற பதிலை ஏற்க மாட்டோம். 8 இலட்சம் பேருக்குக் கிடைத்த நிதி, அவர்களைவிட எண்ணிக்கையில் மிகக் குறைந்த வளாக மாணவிகளுக்குக் கிடைக்காதா? வவுச்சராகவோ வளாகச் சுகாதார நிலையம் மூலமாகவோ வரி நீக்கமாகவோ ஏதோ ஒரு வழியில் உதவி அவர்களைச் சென்றடைய வேண்டும். வழியைத் தீர்மானிப்பது உரியவர்களின் பொறுப்பு. அடுத்த வரவு செலவுத் திட்டத்திலும் இந்தப் பிள்ளைகள் விடுபட்டால், அதை மறதி என்று எவரும் சொல்ல முடியாது.