ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிச் சேரி

வீடு கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கின்றனர் ஆள்வோர். நாம் திருப்பிக் கேட்கிறோம்: எங்கே கொடுத்தீர்?

1970-ல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு எழுப்புவது என்பதே நெறியாக இருந்தது. தீயும் மழையும் ஆண்டுதோறும் தின்ற ஓலைக் குடிசைகள் அகன்றன. நொச்சிக்குப்பத்து மீனவன் கடலை விட்டு அகலவில்லை! அறை சிறிது, பராமரிப்போ அதனினும் சிறிது. 1993-ல் கட்டிய திருவொற்றியூர்க் குடியிருப்பில் 24 வீடுகள் 2021 டிசம்பரில் சரிந்து வீழ்ந்தன. விரிசல் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் பிழைத்தன. இக்குறையை நாம் மறைக்கவில்லை. எனினும் சுவர் பழுதானால் மீண்டும் பூசலாம். பிழைப்பு பறிபோனால் எதைக் கொண்டு பூசுவது?

1977-க்குப் பின் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் மனையும் குடிநீரும் வடிகாலும் தந்து, வீட்டை மக்களே கட்டிக்கொள்ளச் செய்தனர். அதுவும் பழுதில்லாத வழியே.

இத்தனையும் அறிந்த அரசு பிறகு செய்தது என்ன? 2000-க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்கு ஏழையரை ஏற்றிச் சென்றது. ஆட்சி மாறியது, அமைச்சர் மாறினர், லாரி சென்ற திசை மட்டும் மாறவில்லை! (நீதி கேட்டு அரசவை புகுந்தவளின் பெயரை, நீதி கிட்டாதோர் குடியிருப்புக்குச் சூட்டிய துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.) வீட்டு வேலை செய்த தாய்மார் வேலை இழந்தனர். பள்ளி ஆண்டின் நடுவிலே பிள்ளைகள் பெயர்க்கப்பட்டனர். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை இல்லை என்று இளைஞரைத் திருப்பி அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. ஊர் வேறு, சேரி வேறு என்று மனுவின் வழிவந்தோர் கோடு கிழித்தனர். அக்கோட்டின்மேல் எட்டு அடுக்குக் கட்டடம் எழுப்புவதா முன்னேற்றம்?

2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரையோரைக் காப்பதாகக் கூறிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினர். அது பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலம். வெள்ளத்துக்கு அஞ்சியவனை வெள்ளத்தின் வாயிலிலேயே குடிவைத்த விந்தை இது!

சிங்கப்பூரில் 1961-ல் புக்கிட் ஹோ சுவீ தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். ஓராண்டுக்குள், எரிந்த அம்மண்ணிலேயே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கட்டடங்கள் எழுந்தன. அது சின்னஞ்சிறு தீவு. அங்கே நிலம் கிடைத்தது.

சென்னையில் நிலமில்லையாம்! கிண்டியிலே 160 ஏக்கர் அரசு நிலம், ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா என்ற குத்தகைக்குக் குதிரைப் பந்தயத்துக்கு விடப்பட்டிருந்தது. 2024-ல்தான் அக்குத்தகையை அரசு முறித்தது. அதற்கு முன் எத்தனை குடும்பங்கள் அந்தத் திடலைக் கடந்தே லாரிகளில் சென்றன என்பதை, கோப்புகளைப் புரட்டி அரசே கூறட்டும்.