மண் தின்பவளைத் திட்டுவதற்கு முன்

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் காலனிகளில் மசக்கைப் பெண்களிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள் தோழர்களே. புற்று மண், மழை பெய்ததும் மணக்கும் சுவர் மண், அடுப்புச் சாம்பல், பல்பம் என்று மெதுவாகச் சொல்வார்கள். நர்ஸம்மாவிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். 'சேரிப் பழக்கம்' என்று வசவு விழுமே என்ற பயம்.

சேரிப் பழக்கமா? சேர மன்னனின் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிர, பகைவர் உண்ண முடியாது என்று புகழ்கிறது புறநானூற்றின் 20ஆம் பாட்டு. அரசன் புகழில் வந்தால் இலக்கியம், நம் அக்கா தின்றால் அசிங்கம்!

ஆபத்து இல்லை என்று நாம் சொல்லவில்லை. மலம் கலந்த மேல்மண்ணைத் தின்றால் உருண்டைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் வயிற்றுக்குள் போகும். இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவோ பெரும்பாலும் வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. அதனால் மண்ணை வாயில் வைக்காதவளும் தப்ப முடியாது. மண் ஆசையே பல நேரம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை.

யார் வெறுங்காலோடு களை எடுக்கிறார்கள்? யார் வீட்டுக் கழிப்பறை தண்ணீரில்லாமல் விறகு அடுக்கும் இடமாகக் கிடக்கிறது? காஞ்சிபுரம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதன் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கு வழி செய்தது. அதில் பெரும்பகுதி கைமாறிப் போனது நமக்குத் தெரியும். வயிற்றில் மண் இருக்கிறது, பட்டாவில் இல்லை.

2018இல் வந்த 'இரத்தசோகை இல்லா இந்தியா' திட்டப்படி, நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. முதல் மூன்று மாதம் கழிந்தபின் ஒருமுறை 400 மி.கி. அல்பெண்டசோல். அவசியம் வாங்கிக்கொடுங்கள். 'மண் தின்னாதே' என்று ஆரம்பிக்காமல், 'என்ன சாப்பிடத் தோணுது அக்கா?' என்று கேளுங்கள். தின்கிறேன் என்றால் இரத்தப் பரிசோதனைக்குக் கூடவே போங்கள்.

ஆனால் மாத்திரை கொடுத்து அதே மண்ணுக்கு வெறுங்காலோடு அனுப்பினால் புழு திரும்பவும் ஏறும். அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: காலனியில் தண்ணீர் வரும் கழிப்பறை எத்தனை? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.