திரை மறைத்த சயாம் தமிழர்

போர்க்கைதிகள் முகாமை விட்டுத் தப்பும் கதைகளுக்குத் திரையுலகில் என்றுமே தனி மதிப்பு உண்டு. அவ்வகையில் பலரும் போற்றும் ஒரு படம், டேவிட் லீன் இயக்கத்தில் 1957-இல் வெளிவந்து ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. ஆங்கிலப் படைத்தலைவராக வரும் அலெக் கின்னஸின் நடிப்பு காலத்தை வென்று நிற்பது. முகாமினின்று தப்பி, பின்னர்ப் பாலத்தைத் தகர்க்க மீண்டும் அதே காட்டுக்கு அனுப்பப்படும் வில்லியம் ஹோல்டனின் பாத்திரமும் மறக்கவொண்ணாதது. இப்படத்தின் கலைச்சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தமிழ் பயில்வோர் இதனைக் காணுங்கால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அப்பாதையை அமைத்த தமிழர் எங்கே?

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த அவ்விருப்புப் பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர். மாண்டவர் 12,000-க்கும் மேற்பட்டோர். கொடுமைதான். ஆனால் அவர்களைவிட மூன்று மடங்கினராக, ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளரும் அங்கு உழைத்தனர். பர்மியர், ஜாவானியர், மலாயர், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் என அவர்கள் பலர். அவர்களுள் மாண்டவர் தொகையை 80,000 என்பாரும் ஒரு லட்சம் என்பாரும் உளர். இருபதினாயிரம் உயிர்கள் கணக்கில் கூடுவதும் குறைவதும் எதனால்? படைவீரனுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, தலைவன் இருந்தான், மருத்துவர் இருந்தார், ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதியோரும் இருந்தனர். கூலிக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியோரும் அவர்தம் மக்களுமே அத்தோட்டத் தமிழர். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை அற்றது. அந்நிலையில் நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, உணவு இலவசம் என்றனர் ஜப்பானியர். முதலில் சிலர் விரும்பியே சென்றனர். சென்றவர் மீளாமை கண்டு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. பின்னர் வேறு வழிகள் கையாளப்பட்டன. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அழைத்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளிருந்த ஆடவரை அப்படியே ரயிலேற்றி அனுப்பியதும் அவற்றுள் ஒன்று. திரைப்படம் பார்க்கப் போனவன் மரண ரயில் பாதையில் மண் சுமந்தான். அவனைப் பற்றிய படம் அன்று. அவன் இல்லாத படமே பின்னாளில் உலகப் புகழ் பெற்றது.

தப்பித்தல் பற்றியும் சிறிது கூற வேண்டும். அங்கே முள்வேலி பெரிய தடையன்று. காடும் மழையும் மலேரியாவும் 1943-இன் வாந்திபேதியுமே வேலியாயின. அவ்வாண்டு ஜூலையில் சொங்குராய் முகாமிலிருந்து பத்துப் பேர் மேற்குக் கடற்கரை நோக்கித் தப்பினர். ஒன்பதின்மர் ஆங்கிலப் படையினர். பத்தாமவர் நூர் முகம்மது என்னும் இந்திய மீனவர். ஐவர் காட்டிலேயே மாண்டனர். கடற்கரையை எட்டும் முன்னரே அம்முயற்சி முறிந்தது. உயிர் பிழைத்த படையினர் மீண்டும் சிறைப்பட்டனர். படத்தில் காண்பதுபோல் தப்பியவனைக் கடற்கரை மருத்துவமனையும் மங்கையின் அன்பும் எதிர்கொள்ளவில்லை. நூர் முகம்மதுவின் பெயர் நமக்கு எட்டியதும், உடன் சென்ற அதிகாரிகளுள் ஒருவர் பின்னாளில் நூல் எழுதியதால்தான். தனியே காட்டுக்குள் ஓடிய கூலியைப் பற்றி எழுதுவார் யார்?

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இன்றும் பேணப்படுகிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. அதே ஊரின் கரும்புக் கொல்லை ஒன்றில் 1990-இல் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒருங்கே வெளிப்பட்டன. இப்பாதையில் மாண்ட ஜாவானியரும் மலாயரும் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஜனாஸாத் தொழுகையும் கபன் துணியும் இறந்தவர்க்கு இருப்போர் ஆற்ற வேண்டிய கடமை என்று கற்ற நமக்கு, அக்குழியின் செய்தியை வெறும் வரலாறாகப் படித்துவிட்டுப் போக இயலவில்லை.

இப்படத்தின் வரலாற்றிலேயே பெயர் மறைத்தல் ஒன்று உண்டு. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் பொதுவுடைமையாளர் எனக் கரும்பட்டியலில் இருந்தமையால், ஆங்கிலத்தில் எழுதப் பழகாத பிரெஞ்சு நாவலாசிரியர் பியேர் பூலின் பெயரில் விருது வழங்கப்பட்டது. 1984-இல் ஆஸ்கர் அகாதமி அத்தவற்றைத் திருத்தியது. அப்போது இருவருமே உயிருடன் இல்லை. எனினும் திருத்தினர். படம் எடுக்கப்பட்ட இடமோ சயாம் அன்று. இலங்கையின் கித்துல்கல, களனி ஆற்றங்கரை. அம்மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்தவரும் தமிழரே. அவர்களைக் கண்டும் படக்குழுவினருக்கு மலாயாத் தமிழர் நினைவு எழவில்லை போலும்!

பிறரைக் குறை கூறி அமைவதில் பயனில்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இக்கடனை ஆற்றியுள்ளனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் கூலியின் பக்கமிருந்து இவ்வரலாற்றைப் பேசுவன. அயலகத் தமிழ் இலக்கியம் என ஒரு தாளையே வகுத்துக் கற்பிக்கும் தமிழ்த்துறைகள், அத்தாளில் இவ்விரு நூல்களுள் ஒன்றையேனும் பாடமாக்குதல் வேண்டும் என்பது எம் கருத்து. அதற்கு முன் மாணவர்க்கு அப்படத்தையும் காட்டலாம். கதவைத் திறந்து வைத்தே காட்டலாம்.

எம் மாணவருட் சிலர் மண்ணரைப் பகுதியினர். அவர்கள் வீட்டை அடுத்த வரிசை வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பனியன் தொழிலாளர் குடியிருக்கின்றனர். இவர்களைச் சயாம் கூலிகளோடு ஒப்பிடுவது மிகை. வேண்டியபோது ஊர் திரும்ப இவர்களுக்கு ரயில் உண்டு. ஆயினும் ஆள் சேர்க்கும் ஏஜெண்டும் அவர் தரும் முன்பணமும் நம் வட்டாரம் அறியாதவை அல்ல. விடுதியில் அடைத்து வேலை வாங்கும் முறைக்கு நம் நூற்பாலைகளில் 'கேம்ப் கூலி' என்றே பெயர் வழங்கியது. பல இடங்களில் இத்தொழிலாளர் கான்ட்ராக்டரின் நோட்டில் பாதிப் பெயராகவே நிற்கின்றனர். அந்நாவல்களைப் படித்த மாணவன், அடுத்த வீட்டுத் தொழிலாளியின் முழுப்பெயரையும் ஊரையும் கேட்டு அறிவானாயின், பாடம் வகுப்பறைக்கு வெளியே சென்றது என்று நாம் மகிழ்வோம்.