சைக்கிள் வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும்தானா?



பிளஸ் ஒன் வந்ததும் அரசாங்கம் நமக்கு ஒரு சைக்கிள் தருது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காக ஆரம்பித்த திட்டம் இது. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவிகளுக்கு என்று விரிந்தது. ரொம்ப நல்ல திட்டம். ஆனா அந்த சைக்கிள் நம்ம கைக்கு வந்த பிறகு என்ன ஆகுது? காலையில் ஸ்கூல், சாயங்காலம் வீடு. சில வீட்டில் திண்ணை ஓரமா நின்று துரு பிடிக்குது. சில சைக்கிள் வந்த மாசமே கைமாறிப் போகுது. இரண்டு வருஷத்தில் அந்த சைக்கிள் பார்த்த ஊர் எத்தனை என்று கேட்டால், நம்ம ஊரும் ஸ்கூல் இருக்கும் ஊரும்தான்!

என் கருத்து இதுதான். மாசத்துக்கு ஒரு தடவையாவது, ஆசிரியர் துணையோடு, கூட்டமாக சைக்கிளில் போய் நம்ம பக்கத்து ஊர்களை நாம் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி ரோடும் நமக்கு வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

பிரான்ஸ் நாட்டில் 'டூர் டி பிரான்ஸ்' என்று ஒரு சைக்கிள் பந்தயம் நடக்குது. 1903-ல் ஆரம்பித்தது. மூன்று வாரம், சுமார் 3,300 கிலோமீட்டர். வயல், மலை, பழைய கோட்டை, சின்னச் சின்ன கிராமம் எல்லாவற்றையும் கடந்து போவாங்க. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வேகம். டிக்கெட் கிடையாது, ஸ்டேடியம் கிடையாது. அவங்கவங்க ஊர் ரோட்டோரத்தில் நின்று பார்க்கலாம். 2022-லிருந்து பெண்களுக்கும் 'டூர் டி பிரான்ஸ் ஃபாம்' என்று தனியாக நடக்குது. பந்தயம் இல்லாத நாளிலும் அந்தக் கிராமத்து ரோடுகளில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே வெளிநாட்டிலிருந்து செலவு செய்து வர்றாங்க.

"அது பிரான்ஸ், இது செம்மங்குப்பம்" என்று சிரிக்காதீங்க. பிரெஞ்சுக்காரர்கள் நமக்கு அவ்வளவு தூரத்து ஆள் இல்லை. நம்ம பாண்டிச்சேரியில் 1954 வரை அவங்க ஆட்சிதான். கடலூர் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை என்று ஒன்று இருந்தது. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி அதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த இடம் வரை உள்ள கிராமம் எல்லாம் கம்பெனிக்கு என்று கணக்கு! கடலூரில் இன்றைக்கும் குண்டு சாலை இருக்கு, குண்டு உப்பலவாடி என்று ஊரே இருக்கு. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார். வரலாற்றுப் பாடத்தில் ராபர்ட் கிளைவ் என்று படிக்கிறோமே, அவர் கவர்னராக இருந்த கோட்டை அது. நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தைப் போய்ப் பார்த்திருக்கோம்?

தெற்கே போனால் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலி படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படையும் அந்தப் பக்கம்தான் மோதின. 1830-களில் அங்கே இரும்பு ஆலை ஓடியது. இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கே இருக்கு. மேற்கே போனால் பெருமாள் ஏரிக் கரை. அதையும் தாண்டினால் வடலூர். 1867-ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று சொல்றாங்க. பசித்து வந்தவருக்கு சாதி கேட்காமல் சோறு! வடக்கே திருப்பாதிரிப்புலியூர். அப்பர் கல்லோடு கடலில் மிதந்து வந்து கரையேறினார் என்று சொல்லும் ஊர். பாரதியாரை 1918-ல் அடைத்து வைத்ததும் கடலூர் சிறையில்தான். நம்ம பக்கம் எல்லாம் சமவெளி என்று நினைக்கிறவங்க கேப்பர் மலை ஏற்றத்தில் ஒரு தடவை மிதித்துப் பார்க்கட்டும், செம்மண்ணும் முந்திரித் தோப்பும் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கும்!

இதையெல்லாம் பஸ்ஸில் போய்ப் பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். பார்க்கலாம். ஆனா பஸ் நிற்கிற இடத்தில்தான் நமக்கு ஊர் தெரியும். சைக்கிளில் போகும்போது எந்த வாய்க்காலில் தண்ணீர் வருது, எந்த வயல் தரிசாகிப் போச்சு, எந்தக் குளத்தைத் தூர்த்திருக்காங்க என்று எல்லாம் கண்ணில் படும். நிறுத்தி ஒரு தாத்தாவிடம் கேட்கலாம். செலவும் கிடையாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். "சொல்றது சுலபம். ரோட்டுல போற லாரியைப் பார்த்தியா? பொம்பளப் புள்ளைய எப்படி அனுப்பறது?" எங்க அம்மா கேட்கும் கேள்வி இது. எல்லா வீட்டிலும் இதேதான் கேட்பாங்க. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஜூலை 8-ஆம் தேதி காலை நம்ம செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் ஸ்கூல் வேன் மேல் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்துபோனாங்க. நம்மை மாதிரியே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிள்ளைகள். அந்த நாளுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எந்த அம்மாவும் பிள்ளையை வாசலைத் தாண்டி நிம்மதியாக அனுப்பியதில்லை.

ஆனா யோசித்துப் பாருங்க. பயந்து சைக்கிளைப் பூட்டி வைத்தால் ஆபத்து போய்விடுமா? சைக்கிள் இல்லையென்றால் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வர்றோம். இல்லையென்றால் அண்ணன் பைக்கில் மூன்று பேர். சில பேர் லைசென்ஸ் இல்லாமலே பைக் ஓட்டுறாங்க. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சிறுவர்கள் வண்டி ஓட்டி குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. ரோட்டில் இறங்காமல் யாரும் ஸ்கூலுக்கு வர முடியாது. அதனால் பிள்ளைகளை ரோட்டிலிருந்து எடுப்பது வழி இல்லை. பிள்ளைகள் போகிற மாதிரி ரோட்டை ஆக்குவதுதான் வழி.

அன்றைக்கு அந்த கேட் இன்டர்லாக்கிங் வசதி இல்லாதது. இன்டர்லாக்கிங் என்றால், கேட் மூடினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். மனிதர் மறந்தாலும் மிஷின் மறக்காது. நாம் கேட்க வேண்டியது இந்த மாதிரி ஏற்பாடுகளை. ஒரு சின்னக் கணக்கும் சொல்றேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் கடக்கும். டிரைவர் பார்த்துவிட்டு பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். அதனால் கேட் திறந்திருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு போவது நம்ம வழக்கமாக வேண்டும்.

பெண் பிள்ளை விஷயத்துக்கும் பதில் இருக்கு. 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தாங்க. கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளே போதும், முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று ஓட்டினாங்க! பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை உலகத்துக்கே எழுதினார். அப்போதும் கேலி பேசியவங்க இருந்தாங்க. ஆனா பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் நிற்காமல் தண்ணீர் கொண்டு வரவும், காய்கறி விற்கவும், பிள்ளையை ஸ்கூலில் விடவும் அந்தப் பெண்களுக்கு முடிந்தது. முப்பது வருஷத்துக்கு முன் அவங்களால் முடிந்தது, கையில் சொந்த சைக்கிள் வைத்திருக்கும் நம்மால் முடியாதா?

"படிப்பு கெடும், பப்ளிக் எக்ஸாம் வருது" என்று ஆசிரியர்கள் சொல்லலாம். மாசத்தில் ஒரு சனிக்கிழமை காலை அரை நாள்தான் கேட்கிறேன். போய் வந்து ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி இதே சுவரில் ஒட்டலாம். அதுவும் படிப்புதானே!

நான் சொல்லும் யோசனைகள்:

1. முதலில் பக்கத்து ஊர். மெயின் ரோட்டைத் தவிர்த்து கிராமத்து ரோட்டில், வரிசையாக, முன்னால் ஒரு ஆசிரியர் பின்னால் ஒரு ஆசிரியர். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

2. கிளம்பும் முன் பிரேக், பெல், டயரில் காற்று, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் எல்லாம் பார்க்க வேண்டும். பஞ்சர் ஒட்டத் தெரிந்த இரண்டு பேர் கூட்டத்தில் கட்டாயம்! மாணவிகளும் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளலாம், அது பெரிய வித்தை இல்லை.

3. ஸ்கூலுக்கு வரும் ரோட்டில் எங்கே லைட் இல்லை, எங்கே பள்ளம், எங்கே ஓரத்தில் மண் சரிந்து சைக்கிள் இறங்க இடம் இல்லை என்று நாமே பார்த்து ஒரு பட்டியல் எழுத வேண்டும்.

4. அந்தப் பட்டியலை அக்டோபர் 2, ஜனவரி 26 மாதிரி நாட்களில் நடக்கும் கிராம சபையில் நம்ம பெற்றோர் மூலம் மனுவாகக் கொடுக்க வேண்டும். ஓட்டு நமக்கு இல்லை. ஆனா அந்த ரோட்டில் தினம் போகிறது நாம்தான்.

5. வருஷக் கடைசியில் பிளஸ் டூ முடித்துப் போகிறவங்க சைக்கிளை விற்காமல், ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் தம்பி தங்கைகளுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.

நண்பர்களே, மூன்று பிள்ளைகள் போன பிறகும் இந்தப் பக்கத்து ரோடு மாறவில்லை என்றால், அவங்களுக்காக நாம் ஏற்றிய மெழுகுவர்த்திக்கு என்ன அர்த்தம்? பயம் நியாயமானது. அந்தப் பயத்தை மனுவாக எழுதிக் கொடுப்போம், சைக்கிளை மட்டும் பூட்டி வைக்க வேண்டாம்.

உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கு. சரி என்றாலும் எழுதுங்க, தப்பு என்றாலும் எழுதுங்க. முதல் பயணம் எந்த ஊருக்கு என்பதையும் மறக்காமல் எழுதுங்க. என் ஓட்டு தேவனாம்பட்டினத்துக்கு!



– பிளஸ் ஒன் மாணவி, செம்மங்குப்பம்