மூட்டு மாற்று ஆபரேஷன்: வலிக்குப் போடும் 'நரம்பு பிளாக்' ஊசி... எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பது ஏன் முக்கியம்?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும், "எவ்வளவு செலவாகும்? எந்த மூட்டு நல்லது?" என்றுதான் விசாரிக்கிறோம். செயற்கை மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. ஆனால், "ஆபரேஷன் முடிஞ்சதும் வலிக்கு என்ன பண்ணுவீங்க?" என்பதும் கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

வலி ஏன் இவ்வளவு முக்கியம்?

ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்க வைப்பார்கள். வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் படுத்திருந்தால், மூட்டு இறுகலாம். காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். மார்ஃபின், டிரமடால் போன்ற மருந்துகளை மட்டுமே நம்பினால் வாந்தி, தலைசுற்றல், மலச்சிக்கல் வரலாம்.

நரம்பு பிளாக் என்றால் என்ன?

முதுகில் போடும் ஊசி ஆபரேஷனுக்கானது. சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். அதன் பிறகு வரும் வலிக்குத்தான் நரம்பு பிளாக். மயக்க மருந்து நிபுணர், அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே நரம்புக்கு அருகில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்.

எங்கே போடுகிறார்கள்?

முன்பு தொடை இடுக்கில் உள்ள ஃபெமொரல் நரம்புக்குப் போடுவது வழக்கம். வலி நன்றாக அடங்கும். ஆனால் முழங்காலை நீட்டும் முன்தொடைத் தசையும் பலமிழக்கும். எழுந்து நிற்கும்போது கால் மடங்கி விழும் ஆபத்து உண்டு.

அதனால் இப்போது பல இடங்களில் தொடையின் உள்பக்கம் 'அடக்டர் கெனால் பிளாக்' போடுகிறார்கள். இங்கே பெரும்பாலும் உணர்ச்சி நரம்புகள்தான் என்பதால் தசை பலம் பெருமளவு தப்பிக்கும். முழங்காலின் பின்பக்க வலிக்கு இது போதாது. அதற்குத் தனி ஊசி உண்டு. அல்லது ஆபரேஷனின்போதே மூட்டைச் சுற்றி மருந்து செலுத்துவார்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

ஒருமுறை போடும் ஊசி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வரை தாங்கும். சிலருக்கு நடுராத்திரியில் வலி சட்டென்று திரும்பும். "இப்போதான் வலியே இல்லையே" என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீங்க. டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போட்டுவிட வேண்டும். மரத்துப்போன கால் என்பதால், துணையில்லாமல் பாத்ரூமுக்குப் போவதும் கூடாது.

முன்கூட்டியே என்ன சொல்ல வேண்டும்?

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போகிறதா, ஏதாவது மருந்து ஒவ்வாமை உண்டா? மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்க. நரம்பு பாதிப்பு, தொற்று, ரத்தக்கசிவு அரிதுதான்; ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

"எனக்கு எந்த பிளாக்? எப்போது மருந்தின் வேலை முடியும்? அதன் பிறகு என்ன மாத்திரை?" இந்த மூன்று கேள்விகளையும் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.