கம்பெனிப் பெட்டி

கார் கம்பெனியின் பெட்டியில் வந்தால்தான் அசல் பாகம், மற்றதெல்லாம் போலி என்கிறார்கள். போலிகள் பற்றிய பயம் நியாயமானது. முடிவுதான் தவறு.

1. ஸ்பார்க் பிளக்கைப் பெரும்பாலும் செய்வது யார்? டென்சோ, என்ஜிகே, பாஷ். கார் கம்பெனி பெட்டியில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

2. டென்சோ 1949இல் டொயோட்டாவிலிருந்து பிரிந்தது. இன்றும் டொயோட்டா அதன் பெரும் பங்குதாரர். ஆனாலும் டென்சோ ஹோண்டாவுக்கும் பாகங்கள் தருகிறது. ஹோண்டாவுக்குள் இருப்பது போலியா?

3. பலேனோ காரைச் செய்வது மாருதி சுசுகி. 2019 முதல் அதே கார், அதே எஞ்சினோடு, டொயோட்டா கிளான்சாவாகவும் விற்கிறது. டொயோட்டாவோ மாருதியின் தாய் நிறுவனமே அல்ல. ஒரே எஞ்சினுக்கான ஆயில் ஃபில்டர் இரண்டு பெட்டிகளில் வந்தால் எது அசல்?

போலி செய்பவன் எந்தப் பெட்டியை அச்சடிப்பான்? நீங்கள் கண்ணை மூடி நம்பும் கம்பெனிப் பெட்டியைத்தானே!